நெடுநாட் குடல்நோயும் இளையோர் வாழ்வும்

நோய்களுள் வந்து போவன உண்டு. வந்து தங்குவனவும் உண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஐம்பது வயதில் வந்து தங்கினால் உலகம் அதனை இயல்பென ஏற்றுக்கொள்கிறது. இருபது, இருபத்தைந்து வயதில், படிப்பு முடிந்து முதற் சம்பளம் கைக்கு வரும் வேளையில், நீங்காத நோயொன்று வந்து தங்குமாயின் அதனை ஏற்க நோயாளிக்கும் மனம் வருவதில்லை, பெற்றோருக்கும் வருவதில்லை. அந்நோய் குடலைப் பற்றியதாயின் இன்னுமொரு துன்பம் கூடுகிறது. நெஞ்சு வலியை நாலு பேர் நடுவே சொல்லலாம். மலத்தில் இரத்தம் போவதை யாரிடம் சொல்வது? சொல்லாமையினாலேயே முற்றிப்போகும் அந்நோயைப் பற்றியதே இப்பாடம்.

மருத்துவர் இதனைக் குடல் அழற்சி நோய் என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். இதனுள் இரு பிரிவுகள் உள. ஒன்று பெருங்குடற் புண் அழற்சி. இது மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உட்படலத்தைப் பற்றும். இரத்தமும் சளியும் கலந்த பேதி இதன் முதற்குறி. மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் ஈறாக எவ்விடத்தும் வரலாம். திட்டுத் திட்டாக வரும். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவும். அதனால் குடல் சுருங்கி அடைபடுதலும், புரைவழி உண்டாதலும் நேரும். முன்னதற்கு அப்பெயரை 1859இல் இங்கிலாந்தின் சாமுவேல் வில்க்ஸ் வழங்கினார். பின்னதை 1932இல் நியூயார்க் நகரத்து மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் விவரித்தனர். ஆங்கில நெடுங்கணக்கின்படி முதலில் நின்றமையால் குரோன் பெயரே நிலைத்துவிட்டது. மற்றையோர் பெயரை இன்று மருத்துவ மாணவரும் மறந்தனர்.

இவ்விரண்டும் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டும். மேனாட்டார்க்கே உரிய நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1999இல் பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்துப் பார்த்தபோது, லட்சம் பேருக்கு 44 பேர் என்னும் விகிதத்தில் பெருங்குடற் புண் அழற்சி இருப்பது தெரியவந்தது. ஆக, இது நம் நாட்டு நோயுமாம்.

ஐதராபாத்தை முன்வைத்து இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. செக்கந்தராபாத் இராணுவப் பாளையம் ஏற்பட்ட காலந்தொட்டு அந்நகரில் தமிழர் குடியிருக்கின்றனர். இன்றோ வட ஆர்க்காட்டிலிருந்தும், கோலார் தங்கவயலிலிருந்தும், சென்னையிலிருந்தும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் மாதாப்பூர், கச்சிபவுளி முதலிய இடங்களில் கணிப்பொறி வேலைக்கும், அமீர்பேட்டையில் பயிற்சிக்கும் சென்று விடுதிகளில் தங்குகின்றனர். தாயின் அடுக்களையை விட்டகன்று, இரவு முழுதும் வேலை செய்து பகலில் உறங்கி, கிடைத்ததை உண்டு வாழும் அந்த வயதும் இந்நோய் தொடங்கும் வயதும் ஒன்றாயிருக்கின்றன.

முதல் இடர் பெயரிலேயே இருக்கிறது. நம்மவர்க்கு மலத்தில் இரத்தம் என்றால் மூலம், வேறொன்று தோன்றாது. மூலம், பவுத்திரம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும் இடங்களுக்கு ஓடி, ஓராண்டையும் கையிலுள்ள பணத்தையும் தொலைத்த பின்னரே பலர் குடல் மருத்துவரைக் காண்கின்றனர். மூலத்தில் இரத்தம் வரும். ஆனால் நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி வராது, மாதக்கணக்கில் எடை குறையாது. நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பேதியும், அதனுடன் இரத்தமோ, காய்ச்சலோ, மெலிவோ இருக்குமாயின் குழாய்க் கருவியால் பெருங்குடலை நோக்கிச் சிறிது தசையெடுத்துச் சோதிப்பதே நேர்வழி. அதற்கு முன் மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவைச் சோதித்து, குடலில் அழற்சி உண்டா, வெறும் கூச்சக் குடலா என்று பெரும்பாலும் பிரித்தறியவும் இன்று வழியுண்டு.

இரண்டாம் இடர் நம் நாட்டுக்கே சிறப்பானது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தைக் குரோன் நோய் விரும்பிப் பற்றும். குடற் காசமும் அவ்விடத்தையே பற்றும். கண்ணால் காண்பதற்கும் சில வேளை தசைச் சோதனைக்குங்கூட இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆகையால் இந்திய மருத்துவர் பலர் முதலில் காச மருந்து கொடுத்துப் பார்ப்பர். அது தவறன்று, காசத்தைக் குரோன் எனக் கருதி, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் காசம் உடலெங்கும் பரவும். எனினும் காச மருந்து தொடங்கிச் சில மாதத்தில் புண் ஆறியதா என்று மீண்டும் குடலை நோக்கிப் பார்க்க வேண்டும். ஆறாதாயின் நோய் வேறென்பது தெளிவு. வயிற்றுவலி சற்றுக் குறைந்தது என்று சொல்லிக்கொண்டு அந்த மறுசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவதே நம் பிள்ளைகள் செய்வது.

ஐதராபாத்தில் இதற்கான வைத்திய வசதி குறைவன்று. டாக்டர் நாகேஸ்வர ரெட்டி 1994இல் தொடங்கிய ஆசிய இரைப்பைக் குடலியல் நிலையம் இன்று கச்சிபவுளியில் பெருமருத்துவமனையாக வளர்ந்துள்ளது. அவருக்கு 2025இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. பணவசதி குன்றியவர்க்குப் பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையமும், மூசி ஆற்றங்கரையில் உஸ்மானியா பொது மருத்துவமனையும் உள்ளன. தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிலையமோ நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கும் இடமன்று. ஆயினும் அதன் வரலாறு நம் பாடத்தோடு மிக நெருங்கியது. அது பிறந்தது ஐதராபாத்தில் அன்று, நம் நீலகிரியில்.

1918இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர் சத்துக்குறைவு நோய்களை ஆராயத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் எனப் பெயர் பெற்றது. மக்காரிசன் குன்னூரில் குரங்குகளுக்கு உயிர்ச்சத்தற்ற உணவை ஊட்டிப் பார்த்தார். அவற்றின் குடல் வீங்கிப் புண்பட்டது. 1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், குறையுள்ள உணவுக்கும் குடற்கோளாறுக்கும் உள்ள தொடர்பையே அவர் பொருளாகக் கொண்டார். பின்னர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைப் பிரித்துப் பிரித்து ஊட்டினார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடத்தில் கொழுத்தன. சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன! தீட்டிய அரிசி மிகுதி, பாலும் பருப்பும் காய்கறியும் குறைவு என்பதே காரணம். அவ்வெலிகளை நினைத்தேனும் நாம் தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. குறைவுணவினால் குரங்கின் குடல் புண்பட்டது என்பதிலிருந்து, மனிதரின் குடல் அழற்சி நோய் உணவினால் வந்தது என்றோ, உணவினாலேயே தீரும் என்றோ முடிவு கட்டலாகாது. இந்நோயில் உடலைக் காக்கும் படையே உடலின் குடலைத் தாக்குகிறது. பரம்பரைக் கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சூழ்நிலை ஆகிய மூன்றும் கூடியே அதனைத் தூண்டுகின்றன. ஆலைகளில் பல மாற்றங்களுக்கு உள்ளாகிப் பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களை மிகுதியாய் உண்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதற்கு அண்மை ஆய்வுகளில் சான்று உண்டு. காரம் இந்நோயை உண்டாக்குவதில்லை. புண் ஆறாதிருக்கும்போது எரிச்சலை மிகுவிக்கும், அவ்வளவே.

ஆதலின் உணவுப் பகுதியை நிதானமாகப் பார்ப்போம். நோய் தணிந்திருக்கும் காலத்தில் பெரும்பாலோர் எல்லா வகை உணவையும் அளவறிந்து உண்ணலாம். ஐதராபாத்து ஆவக்காயும், கோங்குரா ஊறுகாயும், மிளகாய்ச் சாலனமும் நாவில் தொடவே கூடாதவை அல்ல; ஆனால் வெறும் வயிற்றில் இரவு இரண்டு மணிக்கு உண்ணத் தக்கவையும் அல்ல. நோய் சீறும் காலத்தில் நார்மிகுந்த கீரைத்தண்டு, முருங்கைக்காய், பச்சைக் காய்கள், கொட்டைகள் இவற்றை ஒதுக்கி, குழைந்த சோறு, பாசிப்பருப்பு, அவித்த முட்டை, வாழைப்பழம், இட்லி என்று எளிதாக்கிக்கொள்ள வேண்டும். குடல் சுருங்கியுள்ள குரோன் நோயாளி வாழைத்தண்டு, கரும்பு, ஆரஞ்சுச் சுளையின் தோல் முதலியவற்றை எப்போதுமே அஞ்ச வேண்டும். அவை சுருங்கிய இடத்தில் சென்று அடைக்கும். பால் ஒவ்வாமை தென்னாட்டாரிடம் மிகுதி. அதனைக் குடல்நோயின் சீற்றம் என மயங்குவோர் உளர். பாலை நிறுத்தித் தயிருக்கும் மோருக்கும் மாறினால் பலருக்கு வயிறு அமைகிறது. ஈரானித் தேநீர்க் கடைகளில் சுண்டக் காய்ச்சிய பாலில் நாளைக்கு ஆறு கோப்பை அருந்திவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று முறையிடுவதில் பயனில்லை.

விடுதிச் சாப்பாட்டில் நமக்கேற்றது கிடைக்காது என்னும் குறை முழுவதும் உண்மையன்று. தெலுங்கு நாட்டிலும் வயிற்றுக்கு இதமான உணவு உண்டு. பெயர் தெரிந்து கேட்க வேண்டும். தயிர்ச் சோறு அங்கே பெருகு அன்னம். பருப்புச் சோறு பப்பு அன்னம். நம் கேழ்வரகுக் கூழுக்கு ஒப்பானதை ராகி ஜாவா என்று காலையில் தெருவோரத்தில் விற்கின்றனர். மோர் மஜ்ஜிக. காரம் தக்குவ என்று சொன்னால் சமையற்காரர் மிளகாயைக் குறைப்பார்; முகம் சற்றுச் சுளிப்பார், அதனாலென்ன. தெருவில் வாங்கும் கூழும் மோரும் எந்தத் தண்ணீரில் கலந்தவை என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழற்சியுற்ற குடலுக்கு வேறொரு கிருமிப் பேதியும் சேர்வது கொடிது. ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, உண்டதையும் அன்றைய வயிற்று நிலையையும் இரண்டு மாதம் எழுதி வந்தால் தனக்கு ஆகாதது எதுவென்று தானே தெரியும். அடுத்தவருக்கு ஆகாத பட்டியலைத் தன் தலையில் சுமக்கத் தேவையில்லை.

பத்தியம் என்னும் பெயரால் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் இரசம் சோறு மட்டும் உண்டு எலும்பாகிப் போவோரே இந்நோயில் மிகுதி. இரத்தப்போக்கினால் இரும்புச்சத்தும், கடைச் சிறுகுடல் பழுதுற்றால் பி12 உயிர்ச்சத்தும் குறையும். இவர்களுக்கு வேண்டியது கூடுதல் ஊட்டம். அதுபோலவே ஆறு மாதத்துக்கொரு முறை பேதிக்கு மருந்துண்டு குடலைக் கழுவும் நம் வீட்டு வழக்கத்தை இந்நோயாளிகள் அறவே விட்டொழிக்க வேண்டும். நாட்டு மருத்துவத்தில் நமக்குள்ள மதிப்பு பெரிது. அயோத்திதாச பண்டிதரே சித்த மருத்துவராக விளங்கியவர். அதனால் நாட்டு மருந்து உண்பவர் அதனைக் குடல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டுமேயன்றி, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று ஆங்கில மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. பெயரில்லாப் பொட்டலத்துப் பொடிகளிலோ, ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

உணவைப் பற்றி இவ்வளவு பேசியதால் ஒரு தீங்கும் விளையக்கூடும். பிள்ளைக்கு நோய் என்றவுடன் யார் சமைத்தது, யார் என்ன கொடுத்தார் என்று குடும்பம் குற்றவாளியைத் தேடத் தொடங்குகிறது. தாய் தன்னை நொந்துகொள்கிறாள். மாமியார் மருமகளைச் சாடுகிறாள். புத்த பகவன் தம் இறுதி நாட்களில் கருமார் சுந்தன் அளித்த உணவை உண்ட பின் இரத்தப் பேதியால் வருந்தியதை நாமறிவோம். அந்நிலையிலும் அவர் ஆனந்தரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்த செய்தி யாது? சுந்தன்மீது எவரும் பழி சுமத்தாவண்ணமும், சுந்தனே தன்னை நொந்துகொள்ளாவண்ணமும் அவன் மனத்தை ஆற்ற வேண்டும் என்பதே. நோயாளியின் வீட்டார் இவ்வரலாற்றைக் கேட்டிருந்தும் அடுக்களையில் அதனை நினைப்பதில்லை. இன்னும் சிலர் முற்பிறப்பு வினை என்பர். மோலியசிவகன் என்னும் பரிவிராசகன் இதே கேள்வியைக் கேட்டபோது பகவன், பித்தம், ஐயம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற நடத்தை, பிறர் தாக்குதல் என்று வேறு ஏழு காரணங்களைக் கூறி, வினையை எட்டில் ஒன்றாகவே வைத்தார். எல்லா வேதனையும் பழவினைப் பயனே என்போர் கண்கூடாக அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் கருத்து.

இனி, நோயாளியின் கடமை. வினயத்தின் மகாவக்கம், பேணுவதற்கு எளிய நோயாளிக்கு ஐந்து பண்புகளைக் குறிக்கிறது. நலந்தருவதைச் செய்தல், நலந்தருவதிலும் அளவறிதல், மருந்துண்ணல், வேதனையைத் தாங்குதல் ஆகிய நான்கும் எவருக்கும் எளிதில் தோன்றுவன. ஐந்தாவதே அருமையானது: நோய் கூடினால் கூடியது என்றும், குறைந்தால் குறைந்தது என்றும், அப்படியே இருந்தால் அப்படியே இருக்கிறது என்றும், பேணுவோரிடம் உள்ளபடி உரைத்தல். இருபத்தைந்து நூற்றாண்டுக்கு முன் சொல்லப்பட்ட இதனை இன்றைய குடல் மருத்துவரும் வேண்டுகின்றனர். நாளைக்கு எத்தனை முறை, அதில் எத்தனை முறை இரத்தம், இரவில் எழுந்தது உண்டா, அடக்க முடியாமல் ஆடை கெட்டது உண்டா என்று அவர் கேட்கும்போது, வெட்கத்தால் பாதியாகக் குறைத்துச் சொல்பவன் பாதி மருந்தையே பெறுவான். பெண் பிள்ளைகள் ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசினால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.

பழைய நோயைச் சொல்லாமை எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுஜன் வாழ்வை நினைக்கலாம். 1906இல் சென்னையில் மாணவராயிருந்தபோது சீதபேதியால் நலிந்தவர் அவர். இங்கிலாந்தில் 1917இல் நோயுற்றபோது பல மருத்துவர் பலவாறு கூறினர். காசம் என்றே பெரிதும் கருதினர். 1920இல் 32 வயதில் மறைந்தார். 1994இல் யங் என்பவர் பழைய ஏடுகளை ஆராய்ந்து, அவரைக் கொன்றது காசமன்று, பழைய சீதபேதியின் தொடர்ச்சியாகிய அமீபா ஈரல் நோயே ஆகலாம் என்றும், அந்நாளிலேயே அது தீர்க்கக்கூடியதாயிருந்தது என்றும் வாதிட்டார். இது அழற்சி நோயன்று, கிருமி நோய். இருப்பினும் அந்தப் பழைய பேதி மருத்துவரின் குறிப்பில் உரிய இடம் பெற்றிருந்தால் என்ற எண்ணம் எழாமற் போவதில்லை.

மருந்துகளின் வரலாறு நம்பிக்கை ஊட்டுவது. ஸ்வீடன் நாட்டு நானா ஸ்வார்ட்ஸ் அம்மையார் மூட்டு வாதத்துக்கென ஆக்கிய சல்பாசலசின் குடற்புண்ணையும் ஆற்றுவதை 1942இல் எழுதினார். அதன் வழித்தோன்றலாகிய மெசலமின் இன்றும் பெருங்குடற் புண்ணுக்கு முதல் மருந்து. 1955இல் ஆக்ஸ்போர்டில் டுரூலவ், விட்ஸ் இருவரும் கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டைச் சோதித்தனர். கடுந்தாக்குதலில் மாண்டோர் தொகை வெகுவாய்க் குறைந்தது. பின்னர் அசாதயோப்ரின், 1998இல் இன்ப்ளிக்சிமாப் என்னும் உயிரியல் ஊசி, அதன் இனத்ததாகிய அடாலிமுமாபின் நிகர்மருந்தை 2014இல் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உலகில் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனால் விலை இறங்கியது. இருந்தும் எளியோர்க்கு இன்னும் எட்டாத விலைதான். சேர்ந்த முதல் மாதத்திலேயே தம் நிறுவனத்தின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, இருக்கும் நோய்க்கும் ஊசி மருந்துக்கும் பணம் தருமா என்று படித்துப் பார்ப்பது நலம்.

ஸ்டீராய்டு சீற்றத்தைத் தணிக்கும் மருந்து. ஆண்டுக்கணக்கில் உண்ணும் மருந்தன்று. அது முகத்தைப் பருக்கச் செய்யும், எலும்பைத் தளர்த்தும், மணிமேகலைக் காப்பியத்துக் காயசண்டிகை கொண்ட யானைத்தீ போன்ற பசியை மூட்டும். இதற்கஞ்சித் திடீரென நிறுத்துவோர் பெரும் அபாயத்தில் வீழ்வர். மருத்துவர் சொன்ன கணக்கில் படிப்படியாகவே இறங்க வேண்டும். அசாதயோப்ரின் உண்போரில் சிலருக்குப் பரம்பரைக் கூறு காரணமாக வெள்ளணுக்கள் சடுதியில் குறையும். ஆசியரிடம் அக்கூறு மிகுதியாதலால் முதல் வாரங்களில் இரத்தச் சோதனையைத் தவறவிடலாகாது. உயிரியல் ஊசிக்கு முன் மறைந்துறையும் காசம் உண்டா என்று பார்ப்பது நம் நாட்டில் கட்டாயம். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் தாமே வாங்கியுண்ணும் டைக்ளோபினாக், இபுபுரூபன் மாத்திரைகள் உறங்கும் நோயைத் தட்டியெழுப்பக்கூடும். புகைத்தல் குரோன் நோயை உறுதியாக வளர்க்கும்.

யாவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. வயிறு நன்றாயிருக்கும்போது, குணமாகிவிட்டது என்று மருந்தை விடுவதே அது. குணமன்று, மருந்தினால் தணிந்திருக்கும் நிலை. இளையோர்க்கு இது கசப்பாகவே இருக்கும். வலியில்லாத நாளில் மாத்திரை விழுங்குவது தான் நோயாளி என்பதை நாள்தோறும் ஒப்புக்கொள்வது போலாகிறது. பல் துலக்குவதை யாரும் அவ்வாறு எண்ணுவதில்லை. துலக்கும் இடத்திலேயே மாத்திரைப் புட்டியையும் வைத்துவிட்டால் மறதி பாதி தீரும்.

திருமணம் பற்றி வெளிப்படையாகச் சில சொல்ல வேண்டும். இந்நோய் ஒட்டுவதன்று. பெற்றோரில் ஒருவருக்கிருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடும். எனினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. சல்பாசலசின் உண்ணும் ஆணுக்கு விந்தணுக்கள் குறையலாம். மருந்தை மாற்றினால் சில மாதத்தில் சீர்படும். மெத்தோட்ரெக்சேட் உண்ணும் பெண் கருத்தரிக்கலாகாது. முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஏனைய மருந்துகளுட் பல கருக்காலத்திலும் தொடரத் தக்கவை. நோய் சீறியிருக்கும் காலத்தில் கருவுறுவதே தாய்க்கும் சேய்க்கும் தீது. தணிந்து சில மாதம் சென்றபின் கருவுறுவோர் பெரும்பாலும் நலமாகவே பெற்றெடுக்கின்றனர். பெண் பார்க்க வருவோரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் நோயை மறைத்து முடிக்கும் மணத்தில், முதல் மாதத்திலேயே மாத்திரைப் பெட்டி வெளிப்படுகிறது. அதன்பின் எழும் பூசலில் நோய் சீறுகிறது. முன்னரே சொன்னால் சில வரன்கள் தட்டிப்போகும். போகட்டும். சுடர்விடும் கல்வியும் சம்பாத்தியமும் உடைய பிள்ளையைக் குடலொன்றைக் காட்டித் தள்ளும் குடும்பத்தில் எத்தனை நாள் வாழ்ந்துவிட முடியும்?

வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேலாளர் ஒருவருக்கும், பக்கத்து இருக்கை நண்பர் ஒருவருக்கும் சொன்னால் போதும்: கூட்டத்தின் நடுவே எழுந்து போவேன், காரணம் இதுவென்று. பிரிட்டனில் நோயாளிச் சங்கமே அவசரமாய்க் கழிவறை வேண்டும் என்று கூறும் அட்டையொன்றை அச்சிட்டு வழங்குகிறது. கடைக்காரரிடம் பேசாமல் காட்டலாம். நம்மூரில் மருத்துவரின் கடிதம் ஒன்று பணப்பையில் இருக்கட்டும். இரவு வேலை உறக்கத்தைக் கெடுப்பதால் பலருக்கு ஒவ்வாது. பகல் முறைக்கு மாற்றக் கேட்பது சலுகை யாசிப்பதாகாது. ஊருக்கு வர சார்மினார் எக்ஸ்பிரசில் முன்பதிவு செய்வோர் கழிவறைக்கு அணித்தான படுக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். நாற்றம் இருக்கும், நிம்மதியும் இருக்கும். மாற்றாடை ஒன்று, ஈரத்துணி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு, மருந்து, மருத்துவக் கோப்பு ஆகியவை கைப்பையில் இருத்தல் வேண்டும்.

இந்நோயோடு எவ்வளவு தூரம் செல்லலாம் என்போர்க்கு ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபேயின் வரலாறு உண்டு. பள்ளிப் பருவத்திலேயே அவருக்குப் பெருங்குடற் புண் அழற்சி தொடங்கியது. 2007இல் ஓராண்டே பிரதமராயிருந்து நோயின் சீற்றத்தால் பதவி விலகினார், நாடே நகைத்தது. 2009இல் ஜப்பானில் புதுவகை மெசலமின் மாத்திரை அனுமதி பெற்றது. அதனை உண்டு தேறி 2012இல் மீண்டும் பிரதமரானார். அந்நாட்டில் எவரும் இராத அளவு நீண்ட காலம் பதவியிலிருந்தார். 2020இல் நோய் மறுபடி சீறவே, பணியைச் செம்மையாய்ச் செய்ய இயலாதென்று தாமே அறிவித்து விலகினார். அவருடைய அரசியலை நாம் இங்கே எடைபோடவில்லை. நோய் எழும்போது ஓய்ந்ததும், தணிந்தபோது முழுமூச்சாய் உழைத்ததுமே நமக்கு வேண்டியவை.

கடைசியாக, விடுதியில் உடன் தங்கும் தோழர்க்கு. பேதி நோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவனும் ஆனந்தரும் தம் கையால் கழுவித் தூக்கிப் படுக்கவைத்த வரலாறு மகாவக்கத்தில் வருகிறது. ஏன் உன்னை யாரும் பேணவில்லை என்று கேட்டதற்கு, தம்மால் மற்றவர்க்கு எப்பயனும் இல்லையாதலால் அவர்கள் பேணவில்லை என்றார் அப்பிக்கு. தாயும் தந்தையும் இங்கில்லை, நீங்களே ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்ற கருத்துப்படப் பகவன் சங்கத்தாரை வினவினார். அமீர்பேட்டை விடுதி அறைக்கும் இது பொருந்தும். தோழனுக்கு நோய் சீறினால் பார்க்க வேண்டியவை இவை: ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தப் பேதி, அதனுடன் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90க்கு மேல், அல்லது காய்ச்சல் 100 பாகைக்கு மேல், அல்லது முகம் வெளிறி எழுந்தால் தலைசுற்றல். வயிறு உப்பி, தொட்டால் வலித்தாலும், குரோன் நோயாளிக்கு வாந்தியெடுத்துக் காற்றும் மலமும் நின்றாலும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றாயினும் நேர்ந்தால், பேதியை நிறுத்தும் மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், மருத்துவக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குடல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அப்பொழுதே அழைத்துச் செல்ல வேண்டும். அக்கோப்பு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதை இன்றே கேட்டு வைத்துக்கொள்க.